ஷேடு கார்டு மாதிரி ஒரு பிளாக்ஜாக் அட்டை, 249 ரூபாய்

புதுச்சேரி வில்லியனூர் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருப்பவனுக்கு பிளாக்ஜாக் அட்டை எதற்கு என்று கேட்பீர்கள். டார்கெட் முடித்த டீலர்களைக் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கூட்டிப்போவார்கள், எங்களுக்குத் தொடர்ந்து இரண்டு வருடம் கோவா விழுந்தது. முதல் தடவை மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றில் ஏறி, நமக்குத்தான் சின்ன வயசிலிருந்து ரம்மி தெரியுமே என்ற தெம்பில் பிளாக்ஜாக் மேசையில் உட்கார்ந்தேன். 21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரைவிட அதிகக் கூட்டுத்தொகை சேர்க்கும் சீட்டாட்டம் அது. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10, ஏஸ் 1 அல்லது 11. இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டாயிரம் காலி. வீட்டில் ஆறாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும்.

அதனால் இந்தத் தடவை கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆன்லைனில் 'பேசிக் ஸ்ட்ராட்டஜி கார்டு' என்று ஒன்றை வாங்கினேன். ஏடிஎம் கார்டு அளவு, வழவழ பிளாஸ்டிக். இடது ஓரத்தில் நம் கையில் இருக்கும் கூட்டுத்தொகை, மேலே டீலர் திறந்து காட்டும் சீட்டு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு கலர். பச்சை என்றால் சீட்டு வாங்கு, சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கு, நீலம் என்றால் ஜோடியாக வந்த சீட்டை இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கையாகப் பிரி. பார்சலைப் பிரித்த என் மனைவி, "இதுல எது ஹாலுக்கு?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, அசப்பில் பெயிண்ட் கலர் காட்டும் எங்கள் கடை ஷேடு கார்டு மாதிரியேதான் இருக்கிறது.

அட்டையில் இருக்கும் கணக்கு புதுசு இல்லை. 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், கம்ப்யூட்டர் இல்லாமல் மேசைமேல் வைத்துத் தட்டும் கால்குலேட்டரில் போட்டுப்பார்த்து, எந்தக் கைக்கு என்ன செய்தால் நஷ்டம் குறையும் என்று வெளியிட்டுவிட்டார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் சரிபார்த்துத் திருத்தினார்கள், அவ்வளவுதான். முழுக் கணக்குக்கும் ஆணிவேர் ஒன்றே ஒன்று: டீலருக்கு இஷ்டம் கிடையாது, 17 வரும்வரை வாங்கித்தான் ஆக வேண்டும். அவர் 5 அல்லது 6 காட்டினால் நூற்றுக்கு நாற்பது தடவைக்குக் கொஞ்சம் மேலேயே 21-ஐத் தாண்டி வெடிப்பார். அப்போது நம் கையில் வெறும் 13 இருந்தாலும் சும்மா கையை வீசி 'வேண்டாம்' என்று உட்கார்ந்திருப்பதுதான் ஆட்டம். அதே ஆள் 10 காட்டினால் வெடிப்பது நூற்றுக்கு இருபது சொச்சம்தான். அப்போது நம்மிடம் 16 இருந்தால் பயந்துகொண்டே ஒன்று வாங்கச் சொல்கிறது அட்டை. பதிமூன்று வகைச் சீட்டில் 6-லிருந்து ராஜா வரை எது வந்தாலும், அதாவது எட்டு வகைக்கு, நாம் காலி. ஆனால் நின்றால் அதைவிடக் கொஞ்சம் மோசம். இரண்டுமே நஷ்டம், இது சின்ன நஷ்டம். இந்த ஒரு கட்டம் எனக்கு மண்டையில் ஏறவே ஒரு வாரம் ஆனது.

பழகியது மொட்டை மாடியில், சாப்பாட்டுக்கு அப்புறம், சிப்புக்குப் பதில் புளியங்கொட்டை. மனைவிதான் டீலர். நம் ஊரில் இதை வேறு எங்கே போய்ப் பழகுவது? 2022-ல் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலையே, உள்ளே கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, கரைப்பக்கம் விடாமல் திருப்பி அனுப்பிய ஊர் இது. பத்து நாளில் பெரும்பாலான கட்டங்கள் அட்டையைப் பார்க்காமலே வந்துவிட்டன. ஏஸ் ஜோடியும் 8 ஜோடியும் வந்தால் பிரி, 10 ஜோடியைத் தொடாதே, 5 ஜோடியைப் பத்தாக நினைத்துக்கொள். தகராறு பண்ணியது ஏஸ் கூட 7 வந்த கைதான். 18 ஆச்சே என்று நிற்கத் தோன்றும், டீலர் 9, 10, ஏஸ் காட்டும்போது அட்டை வாங்கச் சொல்லும். ஏஸை 1 என்றும் எண்ணலாம் என்பதால் அந்த ஒரு சீட்டில் வெடிக்க வழியே இல்லை, அதனால் தைரியமாக வாங்கலாம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை கலர். இருபது வருஷமாகக் கலர் விற்பவன் சொல்கிறேன், மஞ்சளையும் வெளிர் பச்சையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைக்கவே கூடாது. வீட்டு டியூப் லைட்டில் நன்றாகத் தெரிந்தது, கேசினோவின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. கட்டத்துக்குள் எழுத்தும் இருக்கிறது, ஆனால் எறும்பு ஊர்ந்த மாதிரி. கண்ணாடி எடுத்துப் போட்டுப் பார்ப்பதற்குள் டீலர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். போனை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது குறைதான் பெரிசு. என்னிடம் 6, 5, மொத்தம் 11. டீலர் முன்னால் ஒரு ராணி. அட்டை பளிச்சென்று மஞ்சள், இரட்டிப்பாக்கு. வைத்திருந்த 500-க்குப் பக்கத்தில் இன்னொரு 500 வைத்தேன். 9 வந்தது, 20! எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கடலூர் மஞ்சக்குப்பத்து அண்ணன், அவரும் பெயிண்ட் டீலர்தான், என் முதுகில் தட்டினார். எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் டீலர் தனக்கு இரண்டாவது சீட்டை எடுத்தார். ஏஸ். இரண்டே சீட்டில் 21, அதற்குத்தான் பிளாக்ஜாக் என்று பெயர். என் ஆயிரமும் போனது.

ஆட்டத்தில் இது சகஜம்தானே என்று நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்க முறையில் டீலர் இரண்டாவது சீட்டை முதலிலேயே கவிழ்த்து வைத்து, பிளாக்ஜாக்கா என்று எட்டிப் பார்த்துவிடுவார், இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், நான் அடுத்த 500-ஐ வைத்திருக்கவே மாட்டேன். நான் உட்கார்ந்த மேசையில் அந்தக் கவிழ்த்த சீட்டே கிடையாது, கடைசியில்தான் எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட மேசையில், பிரித்த பந்தயம் இரட்டித்த பந்தயம் எல்லாம் பறிபோகும் என்றால், 11 கையில் இருக்கும்போது டீலர் 10 அல்லது ஏஸ் காட்டினால் இரட்டிப்பாக்கக் கூடாது, 8 ஜோடியையும் அந்த இரண்டுக்கு எதிராகப் பிரிக்கக் கூடாது, ஏஸுக்கு எதிராக ஏஸ் ஜோடியையும் பிரிக்கக் கூடாது. சும்மா சீட்டு வாங்க வேண்டியதுதான். மொத்தம் ஐந்தே கட்டம். இந்த அட்டை எந்த விதிக்குப் போட்டது என்று முன்பக்கமும் இல்லை பின்பக்கமும் இல்லை. பெயிண்ட் டப்பாவில் உள்சுவருக்கா வெளிச்சுவருக்கா என்று எழுதாமல் விற்ற கதை.

அண்ணனுக்கு அட்டையெல்லாம் பிடிக்காது, கை போன போக்கில் ஆடுவார். நான் 12 வைத்துக்கொண்டு டீலரின் 2-க்கு எதிராக ஒன்று வாங்கினேன், அட்டைப்படி சரி. வந்தது ராஜா, நான் அவுட். டீலர் அடுத்து எடுத்து எடுத்து 20-ல் நின்றார். "அந்த ராஜா டீலருக்குப் போயிருந்தா வெடிச்சிருப்பார் தம்பி, கெடுத்துட்டியே!" என்று சாப்பிடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் எடுக்கும் சீட்டு அவரைக் காப்பாற்றவும் அதே அளவு வாய்ப்பு உண்டு அண்ணே என்றேன், கேட்டால்தானே. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார். டீலர் ஏஸ் காட்டும்போது 'இன்ஷூரன்ஸ் வேண்டுமா' என்பார்கள், டீலருக்கு பிளாக்ஜாக் வரும் என்று தனியாகக் கட்டும் பந்தயம் அது, வந்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். மூன்றுக்கு ஒரு தடவை 10 மதிப்புச் சீட்டு வந்தால்தான் அது கட்டுப்படியாகும், வருவதோ பதிமூன்றுக்கு நான்கு.

சரி, கணக்குப்படி அட்டை என்ன மிச்சம் பண்ணுகிறது? விதிகள் நன்றாக இருக்கும் மேசையில் அட்டைப்படி ஆடினால் கேசினோக்காரனுக்குப் போவது சுமார் அரை சதவீதம், மனம் போனபடி ஆடினால் இரண்டோ அதற்கு மேலோ. 500 ரூபாய் வீதம் மணிக்கு 60 ஆட்டம் என்றால் 30,000 ரூபாய் புரள்கிறது. அரை சதவீதம் 150, இரண்டு சதவீதம் 600. ஒரு மணி நேரத்திலேயே அட்டைக் காசு வந்துவிடும். ஆனால் பிளாக்ஜாக் அடித்தால் 500-க்கு 750 தருகிறார்களா 600 தருகிறார்களா என்று மேசை விரிப்பில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் உட்கார்ந்தால் இந்த மிச்சமெல்லாம் போச்சு. 600 தரும் மேசையில் கூடுதலாக 1.4 சதவீதம் அவர்களுக்குப் போகிறது. அட்டை இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இவ்வளவுக்கும் மேலே ஜிஎஸ்டி, கேசினோவில் சிப் வாங்கும் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபரில் 28 சதவீதம் என்று வந்து 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. பெயிண்டுக்கு 18 போட்டே வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறவன் நான். அரை சதவீதத்துக்கு மொட்டை மாடியில் பத்து நாள் மல்லுக்கட்டியதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இந்தத் தடவை போனது மூவாயிரத்து ஐநூறு. வீட்டில் உண்மையைச் சொன்னேன். அஞ்சுக்கு மூன்று ஸ்டார் தருகிறேன். ஒன்றைக் கலருக்காகவும் ஒன்றை விதி போடாததற்காகவும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் போன வாரம் போன் பண்ணி, தனக்கும் ஒன்று வரவழைக்கச் சொன்னார். ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் அந்த ஐந்து கட்டத்தையும் மார்க்கரில் கறுப்படித்துக் கடலூர் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.