மெய்னும் மொன்டானாவும்: எதிர்நீச்சல் போட்ட இரண்டு செனட்டர்கள்

2020 அதிபர் தேர்தலில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு 9 சதவீதப் புள்ளி முன்னிலை தந்தது. அதே மக்கள் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு, எதிரணியான குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸையும் ஏறக்குறைய அதே வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். உங்கள் ஓட்டு உங்கள் கட்சியின் டிரம்புக்கா என்று கேட்டால் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை அம்மணி. தேர்தலுக்கு எட்டே நாள் இருக்க, டிரம்ப் முன்மொழிந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பேரட்டின் நியமனத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சியில் அவர் ஒருவர்தான்.

மொன்டானாவின் ஜான் டெஸ்டர் ஜனநாயகக் கட்சி. விவசாயி, சிறுவயதில் கறி அரைக்கும் இயந்திரத்தில் இடது கையின் மூன்று விரல்களை இழந்தவர். 'நம்மூர் ஆள்' என்ற அந்தப் பெயர் 2012-இல், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னி அந்த மாநிலத்தில் ஜெயித்த ஆண்டிலும், காப்பாற்றியது. 2024-இல் தன் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஹாரிஸை ஆதரிக்காமல் ஒதுங்கியும் பலனில்லை. 7 புள்ளியில் தோற்றார். டிரம்பின் முன்னிலை அங்கே சுமார் 20. காலின்ஸின் சுமார் 18 புள்ளி (9-உம் 9-உம்) எதிர்நீச்சல்கூட அந்த வெள்ளத்தில் கரை சேர்த்திருக்காது.