மாலம் கிராமத்து நடை: தண்ணி போற வழிய புடிச்சு நடங்க

வடக்கு இங்கிலாந்துல ஒரு நாள் நல்லா நடக்கணும், பசங்களும் கூட வரணும், வெறும் புல்வெளியா மட்டும் இருக்கக் கூடாதுன்னு யார் கேட்டாலும் நான் யோசிக்காம சொல்ற பேரு மாலம். யார்க்‌ஷயர் டேல்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள, ஸ்கிப்டன் டவுன்லருந்து ஒரு 18 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சின்ன கிராமம். கல்லு வீடுங்க, நடுவுல ஒரு ஓடை, ரெண்டு பப்பு, நேஷனல் பார்க் சென்டர், அதுகூட காசு கட்டுற கார் பார்க், ஊரே இவ்வளவுதான். ஆனா ஊர சுத்தி இருக்குற நடைக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு தருவேன், சரியான வரிசைல நடந்தீங்கன்னா.

வரிசைய ஏன் சொல்றேன்னா, வர்றவங்கள்ல நிறைய பேரு கார நிறுத்திட்டு நேரா மாலம் கோவ்ங்குற வளைஞ்சு நிக்குற பெரிய பாறைச்சுவர் அடிக்கு போயி நாலு போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கும். இந்த ஊரோட அழகு முழுக்க தண்ணி பண்ற வேலைலதான் இருக்கு. சுத்துவட்டாரம் பூரா சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அத கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும், ஓடை ஒண்ணு ஓடிட்டே இருக்கும்போது திடீர்னு காணாம போகும், வேற எங்கயோ போயி வெளிய வரும். இத மனசுல வச்சுக்கிட்டு நடந்தா ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தோட சேர்ந்து புரியும்.

அதனால கோவ கடைசிக்கு வச்சுக்கோங்க. ஊர் நடுவுல ஓடைய தாண்டி கிழக்கு கரைல போற பாதைய எடுத்து, வயக்காட்டு வழியா பழைய கல்லுக் கொட்டகைங்கள தாண்டி போனா ஒரு சின்ன காடு வரும். ஏப்ரல் மே மாசத்துல போனீங்கன்னா காட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும்போதே பூண்டு வாசம் தூக்கும், தரை பூரா காட்டுப் பூண்டு வெள்ளை வெள்ளையா பூத்து கெடக்கும். அந்த காட்டு முடிவுலதான் ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி. உயரம் கம்மிதான், ஆனா அருவி விழுற பாறைய கொஞ்சம் உத்துப் பாருங்க, பாசி புடிச்ச திரை மாதிரி முன்னாடி தள்ளிட்டு நிக்கும். மேல எங்கயோ தண்ணி கரைச்சு எடுத்துட்டு வந்த சுண்ணாம்பு இங்க பாசி மேல படிஞ்சு படிஞ்சு கல்லா ஆகியிருக்கு, டூஃபான்னு சொல்வாங்க. அருவிக்கு பின்னாடி இருக்குற குகைல ஜேனட்னு ஒரு தேவதை ராணி குடியிருக்குறதா ஊர்க்கதை. கீழ இருக்குற குளத்துல அந்த காலத்துல செம்மறி ஆட்ட கொண்டாந்து குளிப்பாட்டுவாங்களாம், இப்ப பசங்க குளிக்குறாங்க, வெயில் காலத்துலயே தண்ணி நடுக்கும்.

அங்கருந்து ரோட்டுக்கு ஏறி கொஞ்ச தூரத்துல கோர்டேல் ஸ்கார். முதல்ல சாதாரண புல்வெளிதான் தெரியும், ரெண்டு பக்கமும் பாறை மெதுவா நெருங்கிட்டே வரும், ஒரு வளைவு திரும்பினதும் 100 மீட்டருக்கு மேல செங்குத்தா நிக்குற பாறைங்களுக்கு நடுவுல நீங்க நிப்பீங்க, முன்னாடி அருவி கொட்டும். இந்த ஊர்ல எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இதுதான், கோவ விட இதுக்குத்தான் என் ஓட்டு. ஜேம்ஸ் வார்ட்னு ஒரு ஓவியர் 1800களோட ஆரம்பத்துல இத வரைஞ்சிருக்காரு, லண்டன் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்துல இருக்கு, 4 மீட்டருக்கு மேல அகலமான படம், நேர்ல இங்க நின்னு அண்ணாந்து பாத்தா அவரு ஏன் அவ்வளவு பெருசா வரைஞ்சாருன்னு கேக்கவே தோணாது. அருவி ஓரமா கையும் காலும் வச்சு மேல ஏறி போற வழி ஒண்ணு இருக்கு, சிலர் ஏறுவாங்க. சின்ன பசங்களோட வேண்டாம், மழை பெஞ்ச மறுநாள் பெரியவங்களுக்கும் வேண்டாம், ஈரமான பாறை அப்படி வழுக்கும். வந்த வழியே ரோட்டுக்கு திரும்பி, கோவுக்கு போற பாதைய புடிச்சு மேடேறுங்க.

இந்த மேட்டுப் பாதைல அவசரப்படாதீங்க. சிமெண்ட்டு, சாந்து எதுவும் இல்லாம வெறும் கல்ல அடுக்கியே கட்டின சுவருங்க குன்று மேல ஏறி இறங்கி போயிட்டே இருக்கும். நீங்க நடக்குறது முக்காவாசி யாரோ ஒரு விவசாயியோட மேய்ச்சல் நிலத்துல, ஆனா அந்த பாதைல போறதுக்கு சட்டப்படி எல்லாருக்கும் உரிமை உண்டு, மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தா அது நடக்குறவங்களுக்கான பாதை, நீலம்னா குதிரையும் சைக்கிளும் கூட போகலாம். எனக்கு இங்கிலாந்துல ரொம்ப பெரிய விஷயமா படுறது இதுதான். சும்மா கெடைக்கல இது, சண்ட போட்டு வாங்கினது. நாட்டோட முதுகெலும்பு மலை வழியா ஒரு நீளப் பாதை வேணும்னு டாம் ஸ்டீஃபன்சன்னு ஒரு பத்திரிகைக்காரர் 1935ல எழுதினாரு, அது பென்னைன் வேயா மாறி 1965 ஏப்ரல் 24ஆம் தேதி திறந்தப்ப விழா நடந்ததே இந்த ஊருக்கு மேல இருக்குற மாலம் மூர் மேட்டுவெளிலதான். அவர் எழுதினதுலருந்து பாதை திறக்க 30 வருஷம் ஆச்சு. அந்த பாதை இன்னைக்கும் இந்த ஊருக்குள்ள நுழைஞ்சு கோவ் ஓரமா ஏறி வடக்க போகுது. அதனால பதிலுக்கு நாம செய்ய வேண்டிய சின்ன விஷயத்த சரியா செய்யணும், நாம தொறந்த கேட்ட நாமளே மூடணும், சுவர் மேல ஏறி குதிக்கக் கூடாது, ஆடு குட்டி போடுற சீசன்ல நாய கயித்துலயே வச்சுக்கணும், குப்பைய கையோட எடுத்துட்டு வரணும்.

கோவோட மேல்பக்கம் வந்து சேர்றதுதான் இந்த வரிசையோட லாபம். பெரிய பெரிய சாம்பல் நிற பாறைத்துண்டு பாவின தரை, நடுவுல நடுவுல ஆழமான இடுக்கு, குனிஞ்சு பாத்தா உள்ள பச்சையா பெரணிச் செடி, ஆடு வாய் எட்டாததுனால அங்க தப்பிச்சு வளருது. ஒரு காலத்துல இந்த மாதிரி கல்ல பேத்து தோட்ட அலங்காரத்துக்கு வித்தாங்க, இப்ப சட்டம் போட்டு பாதுகாக்குறாங்க. கால் வைக்குறப்ப மட்டும் பாத்து வைங்க, நடந்து நடந்து பாறை வழவழன்னு ஆயிருக்கு, இடுக்குல கால் மாட்டினா கணுக்கால் போயிடும். விளிம்புல வேலி கெடையாது, பசங்க கைய விடாதீங்க.

அப்புறம் 400 படி போல கீழ இறங்கி அடிக்கு வந்தா, 80 மீட்டர் உயரம், 300 மீட்டர் அகலத்துக்கு வளைஞ்சு நிக்குற அந்த வெள்ளைப் பாறை. பனியுகம் முடியுற சமயத்துல உருகின தண்ணி இது மேலருந்து அருவியா கொட்டியிருக்கு. இப்ப மேல சொட்டு தண்ணி இல்ல, பாறை அடிலருந்து சத்தமே இல்லாம ஓடை ஒண்ணு வெளிய வருது. 2015 டிசம்பர் 6ஆம் தேதி, டெஸ்மண்ட் புயல் மழைல, உயிரோட இருக்குறவங்க யாரும் பாத்தே இராத அந்த அருவி திரும்ப கொட்டுச்சு, கொஞ்ச நேரம்தான். வசந்த காலத்துல போனா பெரெக்ரின் வல்லூறு இங்க கூடு கட்டும், தன்னார்வலருங்க டெலஸ்கோப் வச்சு காட்டுவாங்க, தயங்காம போயி கேளுங்க, அவ்வளவு ஆசையா சொல்லித் தருவாங்க.

இப்படி சுத்தி ஊருக்கு திரும்பினா மொத்தம் 7, 8 கிலோமீட்டர், நின்னு நிதானமா போனா அரை நாள். தெம்பு இருக்குறவங்க படி இறங்குறதுக்கு முன்னாடியே கோவ் மேலருந்து வாட்லோஸ் வறண்ட பள்ளத்தாக்கு வழியா வடக்க போங்க, ஆறு ஓடுன தடம் அப்படியே இருக்கும், ஆறுதான் இருக்காது. பள்ளத்தாக்கு முடிஞ்சு மேல ஏறினா, மாலம் டார்ன் ஏரிலருந்து வர்ற ஓடை கல்லுங்களுக்கு நடுவுல புகுந்து மறையுற இடத்த கண்ணால பாக்கலாம், வாட்டர் சிங்க்ஸ்னு பேரு. அத தாண்டி 377 மீட்டர் உயரத்துல ஏரி, நேஷனல் டிரஸ்ட்ங்குற அறக்கட்டளை பராமரிக்குது. இங்க மறையுற தண்ணிதான் கோவ் அடில வருதுன்னு யாரும் நினைப்பாங்க, ஆனா தண்ணில சாயம் கலந்து விட்டு பாத்தப்ப ஏரித் தண்ணில பெரும்பகுதி ஊருக்கு தெக்க ஏர் ஹெட் ஊத்துல போயி வருதுன்னு தெரிஞ்சுது. கோவ் அடில வர்றதுல நிறைய வேற இடத்துல, பழைய ஈய உருக்காலை பக்கத்துல, மண்ணுக்குள்ள போற தண்ணி. ரெண்டும் பூமிக்குள்ள ஒண்ண ஒண்ணு தாண்டி போகுது. ஊர்லருந்து தெக்க பத்து நிமிஷம் நடந்தா அந்த ஊத்து, அதுலயும் கோவ் ஓடைலயும் சேர்ந்து கெளம்புறதுதான் லீட்ஸ் ஊருக்குள்ள ஓடுற ஏர் ஆறு. லீட்ஸ்ல இருக்குறவங்க இத கட்டாயம் பாக்கணும்.

குறைன்னு பாத்தா கூட்டம்தான். பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை அன்னைக்கு கார் பார்க் காலைலயே நெறஞ்சு ரோட்டோரம் பூரா கார் நிக்கும், டிராக்டர் போக வழி இருக்காது, ஊர்க்காரங்க பாவம். வார நாள்ல போங்க, இல்ல ஒம்போது மணிக்குள்ள போயிடுங்க. லீட்ஸ்லருந்து ஸ்கிப்டனுக்கு டிரெயின் நிறைய இருக்கு, அங்கருந்து மாலத்துக்கு பஸ் ரொம்ப கம்மி, திரும்புற பஸ்ஸோட டைம முதல்ல பாத்துட்டு கெளம்புங்க. சாப்பாட்டுக்கு பக் இன், லிஸ்டர் ஆர்ம்ஸ் ரெண்டு பப்பும் ஊர் நடுவுலயே இருக்கு, ஆனா சுத்த சைவம்னா சாய்ஸ் கம்மின்னு வச்சுக்கிட்டு கைல புளிசாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிட்டு போறது நல்லது, ஜேனட்ஸ் ஃபாஸ்க்கு முன்னாடி வர்ற ஓடைக்கரைல உக்காந்து சாப்டலாம். போன்ல சிக்னல் நம்பாதீங்க, பிரிட்டன் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே போடுற ஓஎல்2 மேப் வாங்கி வச்சுக்கோங்க. கணுக்கால புடிக்குற பூட்ஸும் ரெயின்கோட்டும் ஜூலைல போனாலும் வேணும். ஸ்ட்ரோலர் இந்த முழு சுத்துக்கு ஆகாது, கைக்குழந்தைய முதுகுல கட்டிக்கோங்க, இல்ல ஊர்லருந்து கோவ் அடி வரைக்கும் போற பாதையோட நிறுத்திக்கோங்க.