வில்பத்துவில் ஒரு நாள்: பாலைப்பழக் காலத்துச் சவாரி

ஆடி மாதத்தில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, காட்டு விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்த பிள்ளைகளை தென்கிழக்கிலுள்ள யால தேசியப் பூங்கா வரை இழுத்துச் செல்வதைவிட வடமேற்கிலுள்ள வில்பத்துக் காட்டுக்கே கொண்டுபோவது நல்லது என்றார் ஊரிலிருக்கும் மைத்துனர். வாயிற்கதவு காலை 6 மணிக்கே திறப்பதால் முதல்நாள் இரவு அநுராதபுரத்தில் தங்கி, விடியுமுன் புத்தளம் வீதியில் நொச்சியாகம வழியாக ஹுனுவிலகம நுழைவாயிலை அடைந்தோம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகும் நம்மவர்கள் முதலில் அறிய வேண்டியது கட்டணத்தைப் பற்றித்தான். வெளிநாட்டவருக்கான அனுமதிச்சீட்டு உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதன்மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். இந்த மண்ணில் பிறந்தவன் என்று சொல்லிப் பயனில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும். எங்கள் ஜீப்பை ஒழுங்குசெய்து தந்தவர் எல்லாம் அடங்கலாக என்று பேசிவிட்டு, வாயிலில் நின்றுகொண்டு அனுமதிச்சீட்டு வேறு என்றார். ஆகவே எது அடக்கம், எது புறம்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அந்த எரிச்சலையெல்லாம் தீர்த்துவைத்தவர் வழிகாட்டி. புத்தளம் பக்கத்தைச் சேர்ந்த, தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர். நாங்கள் நானா (அண்ணன்) என்றே அழைத்தோம். 1938 இல் தேசியப் பூங்காவான இக்காடு 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்ததையும், போரால் மீண்டும் மூடப்பட்டு 2010 இல் திறந்ததையும் அவர் சொன்னபோது, வன்னியின் எல்லையிலேயே இருந்த இக்காட்டை என் வயதினர் பலர் ஏன் பார்த்ததில்லை என்பது பிள்ளைகளுக்கும் புரிந்தது.

வில்லு எனப்படும், மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள்தான் இங்கே விசேடம். வறட்சி கூடக் கூட அவை சுருங்கி, மிஞ்சிய நீரைச் சுற்றிப் புள்ளிமான்களும் காட்டெருமைகளும் கூடுகின்றன. கரையில் முதலைகள் வாயைப் பிளந்தபடி கிடக்கின்றன. ஆயினும் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு பாலை மரத்தடியில். பழம் முற்றும் இப்பருவத்தில் கரடி பகலிலேயே வெளிவரும் என்று சொல்லி, சாரதியிடம் இயந்திரத்தை நிறுத்தச் செய்தார் நானா. முதலில் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு மஞ்சள் பழங்கள் பொலபொலவென்று உதிர, நீண்ட வெண்ணகங்களால் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு கரடியொன்று பின்புறமாக இறங்கியது. இறங்கியதும் எங்களைச் சட்டை செய்யாமல், உதிர்ந்த பழங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சத் தொடங்கியது. அந்த உறிஞ்சும் ஒலி ஜீப்புக்குள் தெளிவாகக் கேட்டது. “அண்ணன், பிள்ளைகளைக் கதைக்க விடாதீங்க” என்று மட்டும் நானா மெல்லச் சொன்னார்.

சிறுத்தை விடயத்தில் நிலைமை வேறு. யாரோ ஒரு சாரதி கண்டதும் கைபேசியில் செய்தி பறக்க, ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரே இடத்துக்கு ஓடுகின்றன. எங்களுக்குக் கிடைத்தது பற்றைக்குள் மறையும் வால் மட்டுமே. புலியோ சிங்கமோ இல்லாத இத்தீவில் சிறுத்தைதான் காட்டின் உச்ச வேட்டை விலங்கு என்பதால் அந்த ஆவல் புரிகிறது. ஆனாலும் துரத்தாத சாரதியை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது மேல் என்பேன்.

குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கீழே இறங்க அனுமதியில்லை. சோற்றுப் பார்சல், தண்ணீர், தொப்பி எல்லாவற்றையும் வெளியிலேயே வாங்கிவிட வேண்டும். நண்பகலில் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடுவதால், முதியவர்களை அழைத்துச் செல்வோருக்குக் காலை அரைநாளே போதும். ஜீப்பின் படி உயரமானது, பாதையும் முதுகைப் பதம் பார்க்கும் என்பதால் அவர்களை முன் இருக்கையில் அமர்த்துமாறு சாரதியிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.