பூச்சந்தைக் கணக்குக்கு ஜிஜேஎஸ்: ஜாவாஸ்கிரிப்டில் ஜிடிகே 4 எப்படி இருக்கிறது?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் உறவினருக்காக, விவசாயிகள் கொண்டுவரும் மல்லிகையின் எடையையும் அந்த நேரத்து விலையையும் பதிந்து, கமிஷன் கழித்துச் சிட்டை அடித்துத் தரும் செயலி ஒன்றை, சாளரம், பொத்தான் போன்றவற்றை உருவாக்க உதவும் நிரலகமான ஜிடிகே 4 கொண்டு முழுவதும் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதினேன். கடையில் இருப்பது நினைவகம் குறைந்த பழைய கணினி. அதில் ஓடுவது லினக்ஸ். இணையத் தொழில்நுட்பங்களைக் கொண்டு கணினிச் செயலிகள் எழுத உதவும் எலக்ட்ரானில் எழுதினால் சின்னஞ்சிறு செயலிக்கும் குரோமியம் உலாவி ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

ஜிடிகேயை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைக்க உதவும் ஜிஜேஎஸ், லினக்ஸுக்கான க்னோம் மேசைச்சூழல் திட்டத்தினர் பராமரிப்பது. ஃபயர்பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பைடர்மங்கி என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. சி மொழியில் எழுதப்பட்ட ஜிடிகேயின் வகுப்புகளை, அவற்றைப் பிற மொழிகளுக்கு விவரிக்கும் ஏற்பாடான ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் தரும் விவரங்களைப் படித்து, ஓடும்போதே ஜாவாஸ்கிரிப்ட் வகுப்புகளாக இது நம் கையில் தந்துவிடுகிறது. 2011இல் வந்த க்னோம் 3 முதல் அதன் திரை இடைமுகமான க்னோம் ஷெல் இதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே இது யாரோ பொழுதுபோக்காகச் செய்து பாதியில் விட்ட பொருள் அன்று.

உலாவிக்கு எழுதிப் பழகியவர்களுக்குத் தொடக்கம் எளிது. பொத்தான் ஒன்றை உருவாக்கும்போதே அதன் பண்புகளை ஒரே ஆப்ஜெக்ட்டில் கொடுத்துவிடலாம்; சொடுக்கினால் நடக்க வேண்டியதை ‘கனெக்ட்’ மூலம் இணைத்துவிடலாம். தடுமாற வைப்பவை இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள்தான். 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்தபோது, சாளரத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டும் ‘ஷோ ஆல்’ போய்விட்டது, உரையாடல் பெட்டியைத் திறந்து பதில் வரும்வரை நிரலை நிறுத்தி வைக்கும் ‘ரன்’ போய்விட்டது. ஜிடிகே 3க்கு எழுதிய எடுத்துக்காட்டுகளை அப்படியே நகலெடுத்தால் ஓடாது.

என் செயலியின் உயிர்நாடி பட்டியல்தான். அதற்குப் பதிவுகளை அட்டவணையாகக் காட்டும் ‘காலம்வியூ’வைப் பயன்படுத்தினேன். திரையில் தெரியும் வரிசைகளுக்கும் அவற்றையொட்டிய சிலவற்றுக்கும் மட்டுமே இது விட்ஜெட்டுகளை, அதாவது லேபிள் போன்ற திரை உறுப்புகளை, உருவாக்கி, உருட்ட உருட்ட அவற்றையே மறுபடி பயன்படுத்துவதால், முகூர்த்த நாளில் பதிவுகள் எவ்வளவு நீண்டாலும் பழைய கணினி திணறவில்லை. ஆனால் இந்த மறுபயன்பாட்டில்தான் கவனமும் வேண்டும். ஒரு பதிவு விட்ஜெட்டில் வந்து அமரும் ‘பைண்ட்’ நேரத்தில் விலையை லேபிளோடு பிணைத்துவிட்டு, அது விலகும் ‘அன்பைண்ட்’ நேரத்தில் அவிழ்க்காமல் விட்டால், மேலே உருண்டு மறைந்துபோன உசிலம்பட்டிக்காரரின் விலை மாறும்போது, அதே லேபிளில் இப்போது நிற்கும் திருமங்கலத்துக்காரரின் விலையும் மாறித் தெரியும். சேமித்த கணக்கு சரியாகவே இருக்க, திரை மட்டும் பொய் சொல்லும் இத்தகைய பிழையைப் பணம் புழங்கும் இடத்தில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வரிசைக்குரிய தரவையும் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டாகக் கொடுக்க முடியாது. ஜிடிகேயின் அடியில் இருக்கும் பொருள் அமைப்பான ஜிஆப்ஜெக்ட்டின் வகுப்பாகப் பதிவு செய்து, ஒவ்வொரு பண்புக்கும் வகை குறித்துத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை பூசினாலும் அடியில் இருக்கும் சி மொழி இங்கே எட்டிப் பார்க்கிறது.

தமிழைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. எழுத்துகளை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நிரலகங்கள் அமைப்பதால் ‘கொ’, ‘ணை’ போன்றவை உடையாமல் வருகின்றன. லினக்ஸின் உள்ளீட்டுக் கருவியான ஐபஸ் வழியாகத் தமிழ்99இல் தட்டச்சு செய்வதும் இயல்பாக இருக்கிறது. அச்சிடும்போதும் இதே பாங்கோவைக் கொண்டு கெய்ரோ என்ற வரைகலை நிரலகத்தில் வரைவதால், தமிழ் எழுத்துருவே இல்லாத ரசீது அச்சுப்பொறியிலிருந்தும் விவசாயியின் பெயர் தமிழில் தெளிவாக வருகிறது. வரைந்து முடித்ததும் கெய்ரோவின் சூழல் ஆப்ஜெக்ட்டை ‘டிஸ்போஸ்’ செய்து நாமே விடுவிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டால் நினைவகம் நிறைந்துகொண்டே போகும்.

உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு உலகிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இது நோடு அன்று. கோப்பைத் திறக்க நோடின் ‘எஃப்எஸ்’ கிடையாது, க்னோமின் ‘ஜிஐஓ’ நிரலகம்தான் உண்டு, நோடுக்கான நிரல் களஞ்சியமான என்பிஎம்மின் பொதிகளில் நோடின் வசதிகளை நம்பியிருப்பவை இங்கே ஓடா. ஆவணங்கள் ஜிஜேஎஸ்ஸுக்கென்றே தனியாக இருந்தாலும், பல பக்கங்களின் விளக்கம் சி நிரலரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. சி மொழியை ஓரளவாவது வாசிக்கத் தெரிந்தவருக்கு இதில் பாதித் தொல்லை குறையும்.

சிட்டையைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர், “தம்பி, நம்ம கடைக்கும் இதையே போட்டுக் குடுத்துருங்க” என்றார். அவர் கணினியில் இருப்பது விண்டோஸ். ஜிடிகே அங்கும் ஓடும்; ஆனால் ஜிஜேஎஸ்ஸை அங்கே நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பை ஒரு கடைக்காரரின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அவருக்கு அதே ஜிடிகேயைப் பைதான் வழியாகப் பயன்படுத்தி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.