சுங்கை சிப்புட் பக்கம் ஹோம் தியேட்டர் மாட்டுகிறவர்களுக்கு: 'டியூனிங்' காசு கொடுக்கும் முன் மெனுவைத் திறக்கச் சொல்லுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் மாட்ட நினைக்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். தீபாவளி நெருங்குகிறது, 'பேக்கேஜ்' விளம்பரங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டன. என்னிடம் காசு பிடுங்கிய கடையின் விளம்பரமும் அதில் வருகிறது. கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடப்பில் இருக்கிறது, பெயரைப் போட்டு அவருக்கு ஒரு சாக்கைக் கொடுப்பானேன்?

வாங்கியது இதுதான்: ஒரு 5.1 ரிசீவர் (சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கருவி), 3 அங்குலக் கூம்பு வைத்த சின்ன ஸ்பீக்கர் ஐந்து, பாஸ் என்கிற அடிச்சத்தத்துக்கு மட்டும் 10 அங்குல சப்வூஃபர் ஒன்று. எல்லாம் சேர்த்து 4,600 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் 'புரொஃபெஷனல் டியூனிங்' என்று ரசீதில் தனியாக 450 வெள்ளி. தோட்டத்து லயத்தை விட்டு வந்தபின் அப்பா வாங்கிய ஒரு மாடி வரிசை வீடு எங்களுடையது. ஹால் 20க்கு 12 அடி, டைல்ஸ் தரை, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர். இதையெல்லாம் கடையிலேயே சொல்லித்தான் வாங்கினேன்.

வயர் வேலையில் குறை சொல்ல மாட்டேன். சுவரோரமாக நேராக இழுத்து, கிளிப் அடித்து, சுத்தமாகத்தான் செய்தார்கள். கோளாறு அதற்குப் பிறகு. கடைக்காரர் சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டைக் கொஞ்ச நேரம் தட்டினார். சப்வூஃபரின் பின்னால் ஒரு குமிழைத் திருகினார். ஒரு சண்டைப் படத்தில் குண்டு வெடிக்கிற இடத்தைப் போட்டுக் காட்டினார். வீடு அதிர்ந்தது. "எப்படிண்ணே, ஈப்போ தியேட்டர் தோத்துச்சுல்ல?" என்றார். 450 வெள்ளி டியூனிங் அத்தோடு முடிந்தது.

மறுநாளே சந்தேகம் வந்தது. ஆஸ்ட்ரோ டிவியில் பாட்டுப் போட்டால் சப்வூஃபர் செத்துக் கிடக்கிறது. கூம்பில் கை வைத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. உறுமி மேளமெல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரி கேட்டது. படம் போட்டால் கதையே வேறு. பேசுகிறவன் குரல் மெலிந்து காணாமல் போகும், வசனம் கேட்கச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்த வெடிக்கு லூவர் சன்னல் கண்ணாடி எல்லாம் தடதடவென்று ஆடும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கவில்லை என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இந்த சப்புக்குக் கிராஸ்ஓவர் பத்தாதுண்ணே. தனியா ஒரு கிராஸ்ஓவர் பாக்ஸ் போட்டாத்தான் பாட்டுக்கும் அடிக்கும்."

"ரிசீவர்லயே கிராஸ்ஓவர் இருக்குன்னு பெட்டியில போட்டிருக்கே?"

"அது சும்மா பேருக்குண்ணே."

கிராஸ்ஓவர் என்றால் பாஸை மற்றச் சத்தத்திலிருந்து பிரிக்கும் வடிகட்டி. அதற்கு 480 வெள்ளி கேட்டார். கார் சவுண்ட் கடைகளில் தொங்குமே, அந்த ரகப் பெட்டி. ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்குப் போகும் வயரை நடுவில் பிரித்து அதைச் செருகினார். பிறகு ரிமோட்டில் மறுபடியும் ஏதோ தட்டினார். உடனே பாட்டுக்கும் சப்வூஃபர் அடிக்க ஆரம்பித்தது! பெட்டிதான் வேலை செய்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் படத்தில் அமைதியான காட்சி வந்தால் மூலையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அது புதிதாக வந்து சேர்ந்த வரவு.

கொஞ்ச காலத்தில் முன் இடது ஸ்பீக்கர் கரகரத்தது, பிறகு ஊமையாகிவிட்டது. வாரண்டி கேட்டால், "ஓவர்லோட் பண்ணியிருக்கீங்க, கம்பெனி ஏத்துக்காது" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது என் மச்சான். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். ஒருநாள் வந்தவன், "மாமா, ரிமோட்டக் குடுங்க" என்று வாங்கி ஸ்பீக்கர் மெனுவைத் திறந்தான். திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தான். ஐந்து ஸ்பீக்கரும் 'லார்ஜ்'. சப்வூஃபர் மோடு 'எல்எஃப்இ பிளஸ் மெயின்'. சப்வூஃபரின் பின்குமிழ் 60 ஹெர்ட்ஸில் (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறையச் சத்தம் அடிமட்டத்துக்குப் போகும்). கடைக்காரரின் பெட்டி 80இல். அப்புறம் ரிசீவர் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டான். அடியில் அளவெடுக்கும் மைக் கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், முறுக்குக் கம்பி போட்டது போட்டபடி. அந்த மைக்கைச் சோபாவில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ரிசீவரே அளப்பதுதான் டியூனிங்கின் முதல் படி. 450 வெள்ளி எதற்கு வாங்கினார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி விஷயம். இது தெரிந்திருந்தால் யாரும் உங்களிடம் அந்தப் பெட்டியை விற்க முடியாது.

ரிசீவரில் ஒரு ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று வைத்தால், அதற்கு வருகிற சத்தம் முழுவதும், அடிமட்ட பாஸ் உட்பட, அதற்கே போகும். 'ஸ்மால்' என்று வைத்தால், நீங்கள் சொல்லும் கிராஸ்ஓவர் எண்ணுக்குக் கீழே உள்ள பாஸை மட்டும் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் பார்க்கப் பெரிதா சிறிதா என்பதல்ல கணக்கு, பாஸை யார் சுமப்பது என்பதுதான். "ஸ்மால்ல வெச்சா காசு குடுத்து வாங்கின ஸ்பீக்கர் பாதி வேலைதான்ணே செய்யும்" என்று பின்னொரு நாள் கடைக்காரர் வாதாடினார். இந்தப் பேச்சை வேறு கடைகளிலும் கேட்பீர்கள், நம்பாதீர்கள். பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள்கூடப் பலர் ஸ்மால் வைத்து 60 அல்லது 80இல்தான் பிரிக்கிறார்கள்.

ஆஸ்ட்ரோ பாட்டுக்குச் சப்வூஃபர் ஏன் அசையவில்லை என்பது இப்போது புரியும். பாட்டு இரண்டு சேனல் ஸ்டீரியோ. ஸ்பீக்கர்கள் லார்ஜ் என்பதால் அதன் பாஸ் எல்லாம் அவற்றுக்கே போனது, சப்வூஃபருக்கு அனுப்ப ஒன்றும் மிச்சமில்லை. 5.1 படத்தில் அந்த '.1' என்கிற எல்எஃப்இ சேனல் தனியாக இருப்பதால் வெடிச்சத்தம் மட்டும் வந்து விழுந்தது. மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூடுதல் பலத்தோடு ஒலிக்கும்படி அமைத்த சேனல் அது, அதனால்தான் அந்த அதிர்ச்சி. இரண்டாம் முறை வந்தபோது அவர் ரிமோட்டில் தட்டியது 'எல்எஃப்இ பிளஸ் மெயின்'. லார்ஜ் ஸ்பீக்கரின் பாஸில் ஒரு நகலைச் சப்வூஃபருக்கும் அனுப்பும் அமைப்பு அது. பாட்டுக்கு சப் அடித்தது அந்த மெனு வரியால். 480 வெள்ளிப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெட்டி செய்தது கெடுதல்தான். சப்வூஃபர் குமிழ் ஒரு வடிகட்டி: 60க்கு மேல் உள்ளதைத் தணிக்கிறது. பெட்டி இன்னொரு வடிகட்டி. வடித்த காப்பியைத் திரும்பத் திரும்ப வடிப்பது போல. என் சின்ன ஸ்பீக்கர்களோ 120க்குக் கீழே தேய்ந்துபோகும், கையேட்டிலேயே போட்டிருக்கிறது. ஆக 60க்கும் 120க்கும் நடுவில் ஆளே இல்லாத ஒரு பள்ளம். ஆண்குரலின் கனம் 85 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்குகிறது, நேராக அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. வசனம் மெலிந்ததற்குக் காரணம் அதுதான். ரிசீவர் கிராஸ்ஓவர் வேலையைப் பார்க்கும்போது சப்வூஃபரின் குமிழைக் கடைசிவரை திருகிவிட வேண்டும், அல்லது 'எல்எஃப்இ' என்று ஒரு சுவிட்சு இருந்தால் அதில் போட வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு வடிகட்டி போதும்.

செத்த ஸ்பீக்கருக்கும் கணக்கு இருக்கிறது. அதே அளவு சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், கொடுக்க, கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 120 ஹெர்ட்ஸிலேயே திணறும் 3 அங்குலக் கூம்பிடம் 60ஐக் கேட்டால் நான்கு மடங்கு, 30ஐக் கேட்டால் பதினாறு மடங்கு. லார்ஜ் வைத்ததால் படத்தின் பாஸ் எல்லாம் அதன் தலையில் விழுந்தது. ஓவர்லோட் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஓவர்லோட் செய்த கை யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

இரைச்சலா? அது காருக்கான பெட்டி, 12 வோல்ட் கேட்கும். பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்றைச் செருகி ஒப்பேற்றியிருந்தார். பெட்டியைக் கழற்றிய நிமிடமே 'ம்ம்ம்' நின்றது.

மச்சான் அன்றைக்கு மாற்றியதைச் சொல்கிறேன், அதே ரகச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஐந்து ஸ்பீக்கரையும் ஸ்மால் ஆக்கி 120இல் பிரித்தான். எல்லாரும் சொல்கிற எண் 80. டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஎச்எக்ஸ் என்கிற திரையரங்க ஒலித் தரம் சிபாரிசு செய்வது அதைத்தான், அதற்குக் கீழே பாஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது என்பதால். புக்ஷெல்ஃப் அளவு ஸ்பீக்கர் என்றால் 80இல் தொடங்கலாம். என்னுடைய 3 அங்குலத்துக்கு அது தாழ்வு. ஸ்பீக்கரால் எதுவரை இறங்க முடியுமோ அதற்குக் கீழே கிராஸ்ஓவரை வைத்தால் பள்ளம் திரும்ப வந்துவிடும். 120 என்று உயர்த்தியதால் சப்வூஃபர் இருக்கும் இடம் காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும், அதனால் சாமி மேடைப் பக்க மூலையிலிருந்து அதைத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். மூலையில் இருந்தபோது 12 அடி அகல ஹாலில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் சுவருக்குச் சுவர் எதிரொலித்துக் குமுறிக்கொண்டிருந்தது. அதுவும் கொஞ்சம் அடங்கியது.

எல்எஃப்இ வடிகட்டி என்று மெனுவில் தனியாக ஒரு வரி உண்டு, அது 120இல் இருக்கட்டும். ஸ்பீக்கர் கிராஸ்ஓவர் வேறு, இது வேறு. பிறகு மைக்கை ஒரு ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ரிசீவரையே அளக்க விட்டான். சப்வூஃபரின் தூரம் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டியது. திருத்தப் போனேன், தடுத்தான். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் கணக்குப் போடுகிறது, விட்டுவிட வேண்டும். கடைசியாக ஃபேஸ் சுவிட்சு, சப்வூஃபர் கூம்பு அசையும் திசையை நேராகவோ எதிராகவோ மாற்றுவது: 0இலும் 180இலும் மாற்றி மாற்றி ஒரே பாட்டைப் போட்டு, சோபாவில் எதில் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டான். எங்களுக்கு 0. உறுமிக்குத் தொண்டை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவும் அதற்குப் பிறகு வரவில்லை.

கடையிலிருந்து ஆள் வந்தால் மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் மெனுவைத் திரையில் திறக்கச் சொல்லுங்கள். ஸ்மாலா லார்ஜா, எந்த எண்ணில் பிரித்திருக்கிறார், சப்வூஃபர் குமிழ் எங்கே நிற்கிறது, மைக் எங்கே என்று கேளுங்கள். அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் படங்கள்தான் இப்போது எனக்கு ஆதாரம்.

கடைக்காரரிடம் முதலில் தன்மையாகவே கேட்டேன். டியூனிங் காசும் பெட்டிக் காசும் திரும்ப வேண்டும், ஸ்பீக்கரை மாற்றித் தர வேண்டும் என்றேன். "மெனுவ நீங்கதான் நோண்டியிருப்பீங்க" என்றார். அதோடு பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டேன், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளிவரை போகலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க அனுமதி இல்லை, அதனால் கடைக்காரரும் வக்கீலை அனுப்ப முடியாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும். ரசீதில் 'டியூனிங்' என்று தனி வரியாக இருப்பது இங்கேதான் உதவுகிறது. உங்கள் ரசீதிலும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மனு போனதும் போன் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு 480ஐத் திருப்பித் தருகிறாராம், மனுவை வாபஸ் வாங்க வேண்டுமாம். ஸ்பீக்கர் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது: கறுப்பு அலுமினியம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, முன்னால் மூன்று குமிழ், பின்னால் 12 வோல்ட் என்று அச்சு. இதையே இன்னும் சில வீடுகளில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வயரை நேராக ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்குப் போட்டுப் பாருங்கள், ரசீதையும் பெட்டியையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.