தேங்காய், நீரோட்டம், முகம் தெரியாதவர்கள்: வருடக்கணக்காக வாதாடிப் பார்த்ததில் எது வேலை செய்கிறது

பல்லடம், காங்கேயம் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போட முடிவெடுத்துவிட்டால், துளை போடும் ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நீரோட்டம் பார்ப்பவருக்குப் போன் போகும். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் காட்டுக்குள் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று கல் நடுவார்கள். வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பவர்களும், பித்தளைக் கம்பி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போடுபவர்களிடம் "இதற்கு என்ன ஆதாரம்ங்க?" என்று வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன். எப்படிக் கேட்டால் பேச்சு நகர்கிறது, எப்படிக் கேட்டால் சண்டையில் முடிகிறது என்பதைப் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

இதில் மெனக்கெடுவதற்குக் காரணம் பணம். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஆயிரம் அடி போர் என்பது சாதாரணமாகிவிட்டது. ஆழம் கூடக்கூட அடிக்கான கூலியும் கூடும். கேசிங் பைப், மோட்டார் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போய் நிற்கும். நகையை அடகு வைத்துப் போட்ட போரில் புழுதி மட்டும் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பொழுதுபோக்குத் தகராறு இல்லை என்பது தெரியும்.

பெரும்பாலானோர் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் ஆய்வு. 1987, 88-இல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியக் கட்டடத்தில் நடந்த சோதனை பெரியது. கீழ்த்தளத்தில் 10 மீட்டர் கோட்டில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். மேல்தளத்தில் நடக்கும் நீரோட்டம் பார்ப்பவர் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரைப் பார்த்து, தேறியவர்கள் என்று 43 பேரை எடுத்து, 843 முறை சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான திறமை இருக்கிறது என்றுதான் நடத்தியவர்கள் எழுதினார்கள். பின்னர் ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரு சுற்றில் நன்றாகச் சொன்னவர்களால் அடுத்த சுற்றில் அப்படிச் சொல்ல முடியவில்லை என்பது தெரிந்தது. 1990-இல் காசெல் நகரில் 30 பேரை வைத்து நடந்த சோதனையிலும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக எதுவும் வரவில்லை.

இவ்வளவும் நல்ல ஆதாரம். ஆனால் நேரடி வாதத்தில் இதன் பலன் குறைவு. "ஜெர்மன்காரனுக்கு நம்ம கல்லுப் பூமியப் பத்தி என்னங்க தெரியும்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் இது உதவுகிறது. அதற்காகவே ஒருமுறை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, தேங்காய் ஏன் எழுகிறது என்ற விளக்கம். நாம் எதிர்பார்க்கும் திசையில் கை தன்னையறியாமல் நுட்பமாக அசையும் என்பதை 1852-லேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் விளக்கியிருக்கிறார். கைப்பிடியில் நிலையில்லாமல் இருக்கும் பொருள் அந்தச் சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த விளக்கத்தின் அருமை என்னவென்றால், நீரோட்டம் பார்ப்பவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவர் கையில் அது நிஜமாகவே எழுகிறது. "ஏமாத்து வேலை" என்று நீங்கள் எழுதிய நிமிடமே, அந்தக் குழுவில் யாரோ ஒருவருடைய மாமனையோ பெரியப்பாவையோ திருடன் என்றதாக ஆகிவிடும். அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொரு பள்ளமும் உண்டு. பெரியார் பிறந்த ஈரோடு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே ஆதாரம் கேட்டாலே "சாமி இல்லைனு சொல்ல வர்றீங்களா? எந்தக் கட்சிங்க நீங்க?" என்று கேட்பார்கள். சாமியை இதில் இழுக்கவே கூடாது. போர் போடும் நாளில் பூஜை போடுவது அவரவர் இஷ்டம். நான் கேட்பது கல் நட்ட இடத்தைப் பற்றி மட்டும் என்று சொல்லிவிட்டால், நிறையப் பேர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

நாள்பட உழைக்கும் கருவி என்று நான் சொல்வது ஒரே ஒரு கேள்வியைத்தான். "உங்க குடும்பத்துல இதுவரைக்கும் மொத்தம் எத்தனை போருங்ணா? அதுல இன்னிக்குத் தண்ணி ஓடறது எத்தனை?"

காங்கேயம் பக்கத்துக்காரர் ஒருவர், தேங்காய் துள்ளி எழும் வீடியோவைப் போட்டு "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று எழுதியிருந்தார். இந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் தாத்தா காலத்துப் பெருமை வந்தது. சரிங்ணா, எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க என்றேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் பதில் வந்தது: "ஏழு போருங்க. எல்லாமே பாத்துத்தான் போட்டோம். இப்ப தண்ணி இருக்கறது ரெண்டுல. அதுல ஒண்ணு ஒன்றரை இஞ்சு, இன்னொண்ணு மழை பெய்ஞ்சா மட்டும்." (வரும் தண்ணீரின் அளவை இங்கே இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள்.) அதன்பின் மற்றவர்களும் தங்கள் கணக்கை எழுத ஆரம்பித்தார்கள். அவர் நம்பிக்கையை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழுவில் முதல்முறையாகத் தோற்ற போர்களும் கணக்கில் வந்தன. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஜெயித்த கதை ஊர் முழுக்கச் சுற்றும், புகைந்த போரை மூடிவைத்துவிட்டு யாரும் பேசமாட்டார்கள். தோல்விக்குக் காரணமும் தயாராக இருக்கும். "பத்தடி தள்ளிப் போட்டிருக்கோணும்." "இன்னும் இருநூறு அடி இறக்கியிருந்தா வந்திருக்கும்." இப்படிப் பேச விட்டால் பார்த்தவர் தோற்கவே வழியில்லை. அதனால் வண்டி வருவதற்கு முன்பே எந்த இடம், எத்தனை அடியில், எத்தனை இஞ்சு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கச் சொல்கிறேன். எழுதித் தரத் தயங்குபவர்களைப் பார்த்தே பல குடும்பங்கள் யோசிக்கத் தொடங்குகின்றன.

"எங்காள் பத்துக்கு எட்டு சரியாச் சொல்வாரு" என்பவர்களுக்கு அடுத்த கேள்வி: அதே ஊரில் நீரோட்டம் பார்க்காமல் போட்டதில் பத்துக்கு எத்தனை? நம் பகுதி கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறையிலும், கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கிறது. சிதைந்த அடுக்கு தடிமனாக இருக்கும் ஊரில் எங்கே துளைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். அங்கே பத்துக்கு எட்டு என்பது தேங்காயின் சாமர்த்தியத்தைக் காட்டாது. இதைப் புரியவைக்கப் பொறுமை வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில் கழன்றுகொள்வார்கள்.

எல்லா வதந்திக்கும் இந்த நிதானம் ஒத்துவராது. 2020 தொடக்கத்தில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று பரவியபோது நாமக்கல் பண்ணைக்காரர்கள் பட்ட பாடு தெரியும். அங்கே மறுப்பு அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கேள்வி கேட்டுக் காத்திருக்க நேரமில்லை.

கடைசியாக ஒன்று. வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அதைப் பாறை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது) செய்து தருகிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள் என்று நான் எழுதும்போதெல்லாம் "அதுவும்தான் பொய்க்குதுங்க" என்று யாராவது வருவார்கள். அவர் சொல்வது நியாயம். அந்தக் கருவி பாறையின் தன்மையைத்தான் காட்டும், விரிசலில் தண்ணீர் இருக்கும் என்று உறுதி தராது. அதனால் ஆய்வுக்கு வருபவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வட்டாரத்தில் நீங்கள் சொல்லிப் போட்டது எத்தனை, பொய்த்தது எத்தனை? கணக்கு வைத்திருப்பவர் பொய்த்ததையும் சேர்த்துச் சொல்வார். "இங்க போடவே வேண்டாம், காசு வீண்" என்று அவர் சொன்னால் ஆய்வுக்கான கட்டணம் அதிலேயே திரும்பிவிடும்.