ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: எதை வாங்கலாம், எப்படிக் கரைக்கலாம்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் மாதங்களில் டெல்டாவில் கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கூடும். இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். முதல் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வாந்தியும் இருக்கும். பிறகு சில நாள், சில குழந்தைகளுக்கு ஒரு வாரம்வரை, தண்ணீராகவே போகும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பேதியைக் கட்டி நிறுத்தும் பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது அதற்காகத்தான். அதற்கான சரக்கு நம் ஊர்களில் மூன்று உருவத்தில் கிடைக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையத்தின் இலவசப் பொட்டலம், மெடிக்கலில் விற்கும் பொட்டலம், குடிக்கத் தயாராக அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீர்.

மூன்றில் முதலிடம் இலவசப் பொட்டலத்துக்கே. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலும் கிடைக்கும். 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தி அறிவித்த அளவுதான் அதில் இருக்கிறது: சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். இது 1 லிட்டர் தண்ணீருக்கு. சர்க்கரை இவ்வளவு குறைவாக இருப்பதில்தான் இதன் திறமையே இருக்கிறது. குடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும் வழி ஒன்று உண்டு. அவை போகும்போது தண்ணீரும் கூடவே போகும். வைரஸ் குடலைப் புண்ணாக்கிய பிறகும் இந்த வழி ஓரளவு வேலை செய்கிறது. சர்க்கரை மிஞ்சினாலோ அது குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உள்ளே இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும்.

பொட்டலம் சரியாக இருந்தும் கரைப்பதில்தான் பலர் வீட்டில் தவறு நடக்கிறது. ‘ஒரு சொம்பு’, ‘நாலு டம்ளர்’ என்பதெல்லாம் அளவே ஆகாது. ஒரு வீட்டு டம்ளர் 150 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டில் 250 பிடிக்கும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டு அதால் அளப்பதே நம்பகமானது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்மதிப்பில் கொட்டினால் உப்பு கூடும் அல்லது குறையும். உப்பு கூடினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும், அது வலிப்புவரை கொண்டுபோகும். தண்ணீர் கூடினால் கரைசலுக்குப் பலன் குறையும். கரைத்ததை மறுபடி கொதிக்கவைக்கக் கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது. கூடுதலாகச் சர்க்கரையும் வேண்டாம். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது, இன்னும் கொஞ்சம் செறிவாகத்தான் ஆகும். அந்தத் தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்தால் அளவே மாறிவிடும். குடிநீர்த் திட்டத்தில் குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

இலவசப் பொட்டலத்தின் ஒரே குறை ருசி. மணமில்லாத உப்புக் கரிப்பைச் சில குழந்தைகள் துப்பிவிடும். கரைசலைக் கொஞ்சம் குளிரவைத்தால் குடிப்பது எளிதாகிறது. ஃபீடிங் பாட்டில் வேண்டாம், கரண்டியிலோ பாலாடையிலோ கொடுங்கள். ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாகத் தொடங்க வேண்டும். தாகத்தில் தவிக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளரை ஒரே மூச்சில் கொடுப்பதால்தான் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது, அதைப் பார்த்துப் ‘பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்தியும் விடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலும் தொடர வேண்டும். சாப்பிடும் வயதென்றால் கஞ்சி, இட்லி, தயிர்சாதம் எல்லாம் கொடுக்கலாம்.

மெடிக்கலில் விற்கும் பொட்டலங்களில் ஆரஞ்சு, எலுமிச்சை மணம் சேர்ந்திருக்கும், குழந்தைகள் மறுக்காமல் குடிக்கும். அளவு அதே உலக சுகாதார நிறுவன (WHO) அளவுதானா என்று மட்டும் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் எடை 21.8 கிராம் என்றிருக்கும், துணைப்பொருள்களும் சேர்ந்த எடை அது. 200 மில்லிக்கான சிறு பொட்டலம் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மிகவும் வசதி, வீணாவதும் குறைவு. ஆனால் அதை 1 லிட்டரில் கரைத்துவிடும் தவறும், பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துவிடும் தவறும் நடக்கின்றன. பின்னது மிக ஆபத்து. உறையில் ‘200 மில்லி’யா ‘1 லிட்டர்’ஆ என்று படித்த பிறகே பிரியுங்கள். பவுடர் பழுப்பேறியிருந்தாலோ கட்டிதட்டிக் கரையாமல் நின்றாலோ வேண்டாம்.

அட்டைப் பெட்டி பானங்களைப் பேதிக்கு வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. உறையில் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். சரியான ஓ.ஆர்.எஸ். என்றால் 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அந்த வரியில் 8, 10 என்று இருந்தால் அது குளிர்பானம். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாதென்று உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் கடையில் பழைய பழக்கத்தில் அதையே எடுத்து நீட்டுவார்கள். ‘பவுடர் பாக்கெட்’ என்று கேட்டு வாங்குங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே கொடுக்கலாம், பதிலாக ஆகாது. ராத்திரியில் பொட்டலமே கையில் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு விடியும்வரை சமாளிக்கலாம். இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் காலையில் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம்வரை 10 மில்லிகிராம், தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து 14 நாள். பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. முழுதும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவது குறையும்.

கண் குழிந்து போவது, 6 மணி நேரம் சிறுநீர் இல்லாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், கொடுப்பதெல்லாம் வாந்தியாவது. இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரையிலும், குழந்தை விழிப்பாக இருந்து விழுங்க முடிகிற வரையிலும், வழியிலும் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.